ஒரு 'ங்க' சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

தாராவியில் ஒரு டீக்கடை. காலை 6 மணி. கடைக்காரர் நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். நல்ல மனிதர். வேலைக்குப் புறப்படும் தமிழர்கள் வந்து நின்றால், "வாங்க அண்ணாச்சி, உட்காருங்க" என்பார். கடன் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டார்.

அந்த நேரத்தில் பால் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு பெரியவர் வருகிறார். உத்தரபிரதேசத்துக்காரர். தலை முழுவதும் நரைத்துவிட்டது. கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "ஏ பையா, இதர் ரக்" என்கிறார். "ஏய், இங்கே வை" என்று பொருள்.

ஒரே வாய்தான். தமிழ் பேசினால் 'ங்க' வருகிறது. இந்தி பேசினால் 'ஏய்' வருகிறது!

இது ஒரு கடையில் மட்டும் நடப்பது அல்ல. மாட்டுங்கா, சயான், செம்பூர் என்று தமிழர்கள் வாழும் இடங்களில் எல்லாம் அன்றாடம் காதில் விழுவதுதான். காய்கறி வண்டிக்காரர், செருப்பு தைப்பவர், ஆட்டோ டிரைவர், இரவுக் காவலாளி எல்லோருக்கும் கிடைப்பது இந்த 'ஏய்'தான். வயதும் பார்ப்பதில்லை, நரையும் பார்ப்பதில்லை.

'பையா' என்ற சொல்லுக்கு அண்ணன் என்று பொருள். ஆனால் மும்பையில் அதைச் சொல்லும் தொனியிலேயே அது வசைச்சொல் ஆகிவிடுகிறது. தலையில் கூடை சுமந்து இட்லி விற்கும் தமிழனைப் பிறர் 'அண்ணா' என்று கூப்பிடும்போது, அதில் எத்தனை முறை உண்மையான மரியாதை இருக்கிறது? கூப்பிடப்படுகிறவனுக்குத் தெரியும். உறவுச்சொல்லைக் கொண்டே ஒருவனைத் தாழ்த்த முடியும் என்பதற்கு இந்த இரண்டு சொற்களே சாட்சி.

உத்தரவு மொழி

தமிழர்கள் மரியாதை தெரியாதவர்களா? இல்லை. திருக்குறளில் 'இனியவை கூறல்' என்று 10-வது அதிகாரமும், 'பண்புடைமை' என்று 100-வது அதிகாரமும் வைத்திருக்கும் மொழிக்குச் சொந்தக்காரர்கள் அவர்கள். பிறகு ஏன் இப்படி?

காரணம் இருக்கிறது. பிழைக்க வந்த தமிழர்களில் பெரும்பாலோர் இந்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் அல்ல. வேலை செய்த இடத்தில் காதால் கேட்டுக் கற்றவர்கள். யார் பேசக் கேட்டார்கள்? மேஸ்திரி பேச, முக்காதம் பேச, முதலாளி பேசக் கேட்டார்கள். அவர்கள் பேசியது எல்லாம் உத்தரவு. "இதர் ஆ", "ஜல்தி கர்", "சல் ஹட்". அந்த உத்தரவு மொழிதான் அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. தன்னை விரட்டிய சொற்களையே இந்தி என்று நினைத்துக் கற்றுக்கொண்டான் தொழிலாளி.

ஆகவே வந்த புதிதில் அது குற்றம் அல்ல. ஆனால் 10 ஆண்டு, 20 ஆண்டு ஆன பிறகும் அதே சாக்கைச் சொல்ல முடியாது. சோதித்துப் பார்ப்பது எளிது. அதே மனிதர் பேங்க் மானேஜர் முன்னால் நிற்கும்போது, "ஆப் பைட்டியே சாப்" என்று அழகாக வருகிறதே! அப்படியானால் இந்தி தெரியாமல் இல்லை. இவனுக்கு இது போதும் என்ற எண்ணம்தான் 'ஏய்' போடுகிறது.

"மும்பை இந்தியில் எல்லோருமே 'தூ' என்றுதானே பேசுகிறார்கள்?" என்று கேட்கலாம். சம வயது நண்பர்கள் பேசிக்கொள்வது வேறு. அதில் உரிமை இருக்கிறது, பதிலுக்கு அவனும் அப்படியே பேசலாம். பதிலுக்கு அப்படிப் பேச முடியாதவனிடம் பேசுவதுதான் கேவலம்.

ஊரில் வாங்கிய 'ஏலே'

மும்பைக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர்கள் எதற்காக 1,500 கிலோமீட்டருக்கு மேல் கடந்து வந்தார்கள்? வயிற்றுக்காக என்பது பாதி உண்மை. மீதியை அந்தக் காலத்துப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஊரில் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த கிழவரை, மேலத்தெருச் சிறுவன் "ஏலே, இங்க வாலே" என்று கூப்பிடுவான். கிழவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். டீக்கடையில் அவருக்குத் தனிக் குவளை. 1925-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஓர் இயக்கத்துக்கு 'சுயமரியாதை இயக்கம்' என்றே பெயர் வைத்தார்கள். மரியாதை என்பது அலங்காரப் பொருள் அல்ல, அதற்காகப் போராட வேண்டியிருந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லும்.

அந்தக் கிழவரின் மகன் பம்பாய்க்கு வந்தான். மின்சார ரெயிலில் ஏறினான். 3 பேர் உட்காரும் இருக்கையில் 4-வது ஆளும் ஒட்டி உட்காருவது இந்த ஊர் வழக்கம். "கொஞ்சம் நகருங்கள்" என்றால் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். என்ன சாதி என்று கேட்கவில்லை. அந்த அரை இருக்கை அவனுக்குச் சிம்மாசனம்!

அப்படிப்பட்டவனின் பேரப்பிள்ளைகள் இன்று பீகார்காரப் பையனை "ஏய்" என்கிறார்கள். தாத்தா எதிலிருந்து தப்பி ஓடிவந்தாரோ, அதைப் பேரன் இன்னொருவன் தலையில் கட்டுகிறான். இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமா?

பம்பாய்த் தமிழர்கள் இந்த நகரத்திலேயே வசையும் கேட்டவர்கள். 1966-ல் சிவசேனா தோன்றிய பிறகு தென்னாட்டவர்களுக்கு எதிரான பிரசாரம் சூடுபிடித்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 'மதராசி' என்ற சொல் கல்லைப் போல வந்து விழுந்தது. 2008-ல் அதே மராட்டிய மண்ணில் வட இந்தியத் தொழிலாளர்கள் அடிபட்டார்கள். ஆள் மாறியது, அடி மாறவில்லை.

தமிழ்நாட்டிலும் இன்று இதே கதைதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், சென்னையில் கட்டிட வேலையிலும் வடமாநிலத்தார் உழைக்கிறார்கள். அவர்களுக்கு 'வடக்கன்' என்று பெயர். 2023 மார்ச் மாதத்தில், அங்கே பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோனவர்கள் மூட்டை முடிச்சுடன் ரெயில் ஏறினார்கள். ஒரு பொய்யை அத்தனை எளிதில் நம்பியது ஏன்? அன்றாடம் மரியாதையாகப் பேசும் ஊரைப் பற்றி அப்படி ஒரு பொய் வந்தால், நம்புவதற்கு முன் ஒருவன் கொஞ்சம் யோசிப்பான்.

ஓர் எழுத்துதான் வித்தியாசம்

மரியாதைக்குப் பணம் வேண்டாம். படிப்பும் வேண்டாம். மராட்டியில் 'சல்' என்றால் 'நட'. 'சலா' என்றால் 'நடங்க'. பஸ் கண்டக்டர் "புடே சலா" என்கிறாரே, அது "முன்னால் போங்க" என்பதுதான். அத்தனை நெரிசலிலும் அவர் மரியாதையை விடவில்லை. 'யே' என்றால் 'வா', 'யா' என்றால் 'வாங்க'. இந்தியில் 'பைட்' என்பதைப் 'பைட்டியே' ஆக்கினால் 'உட்காருங்க' ஆகிவிடுகிறது. பெயர் தெரிந்தால் பின்னால் ஒரு 'ஜி'. பெயர் தெரியாவிட்டால் 'காக்கா' இருக்கிறது, 'மாவ்ஷி' இருக்கிறது. சித்தப்பா, சித்தி என்று கூப்பிடுவது போலத்தான்.

ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கும் இது பொருந்தும். 50 வயது பியூனை 25 வயது கிளார்க் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எந்த விதியில் இருக்கிறது? கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர், "சில்லறை கொடுங்களேன்" என்றால் வரிசை நகரும். "சில்லறை இல்லாமல் ஏன் வருகிறாய்?" என்றால் சண்டை வரும், வரிசை நிற்கும். வெளியே நிற்பவர் கவுண்டரைத் தட்டி, "ஏய், டிக்கெட்" என்று கத்துவதும் அதே குற்றம்தான்.

"மரியாதை கொடுத்தால் தலையில் ஏறிவிடுவான்" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பேச்சு புதிதல்ல. ஊரில் மேலத்தெருக்காரர்கள் கிழவரைப் பற்றிச் சொன்னதும் இதுதான்!

வீட்டில் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பா சேட்டுக்கு எப்படி வணக்கம் சொல்கிறார், காவலாளியை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கவனிக்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்வது அந்த இரண்டாவதைப் பார்த்துத்தான்.

நாளைக் காலை பால் கேனுடன் அந்தப் பெரியவர் மறுபடியும் வருவார். டீக்கடைக்காரர் அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். "பைட்டியே, சாய் பீஜியே" என்று ஒரு முறை சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பெரியவர் கேனை இறக்கி வைத்துவிட்டு எப்படி நிமிர்ந்து பார்க்கிறார் என்பதை, கடையில் நிற்கும் அத்தனை பேரும் பார்க்கட்டும்.