ஒரு யந்திரம், மூன்று குடித்தனம்

காளஹஸ்தித் தலபுராணத்தை நம் இல்லங்களில் அறியாதார் சிலரே. சிலந்தியும் நாகமும் யானையும் அங்கு ஒரே லிங்கத்தைப் பூசித்தன. நாகம் மாணிக்கங்களைச் சாத்திவிட்டுப் போகும். யானை வந்து, துதிக்கை நீரால் அவற்றைத் தள்ளிவிட்டு வில்வம் சாத்தும். நாகம் மறுபடி வந்து வில்வத்தை அகற்றும். பக்தியில் இரண்டும் குறைந்தவையல்ல. ஆயினும் ஒன்றின் பூசை மற்றொன்றுக்கு அபசாரமாகப் பட்டது. இறுதியில் ஒன்றால் ஒன்று மாண்டன என்பது கதை.

ஒரே யூனிக்ஸ் யந்திரத்தில் பல காரியங்களை நடத்துவோர் இத்தொல்லையை நன்கு அறிவர். ஒரு தமிழ்ச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் பதிவேடு, சங்க இதழின் பழைய ஏடுகள், பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளிப் பக்கங்கள் ஆகிய மூன்றும் ஒரே கணினியில் இருக்கின்றன. பள்ளிக்கான மென்பொருள் புதிய தரவுத்தளத்தைக் கேட்கிறது. ஏடுகளைக் காட்டும் மென்பொருளோ பழையதில்தான் ஓடும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று நின்றுவிடும். இதைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. பள்ளிப் பக்கத்தில் ஓர் ஓட்டை கண்டு நுழையும் திருடன், அவ்வழியே நம் வீட்டு முகவரிகள் உள்ள பதிவேட்டையும் எட்டிவிடக்கூடும்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே மெய்நிகர் யந்திரம். பிள்ளைகள் இரவு பகலாகத் தொலைபேசியில் ‘வி.எம்.’ என்று பேசுவதைக் கேட்டு, அஃது என்னவோ என்று திகைக்கும் பெற்றோர்க்காகச் சற்று விளக்குவோம். உண்மையில் இருப்பது ஒரே கணினி. அதனுள் ஒரு மேற்பார்வை நிரல், நினைவகத்திலும் வட்டிலும் பங்கு பிரித்துக் கொடுத்து, ஒவ்வொரு பங்கும் தன்னையே முழுக் கணினியாக நினைக்கும்படி செய்கிறது. யோசனை புதிதன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1967-இல் சி.பி.-40 என்ற அமைப்பால் ஒரே யந்திரத்தைப் பதினான்கு யந்திரங்களாகக் காட்டினர். அன்று அறையளவு யந்திரத்துக்கு மட்டுமே கிட்டிய அவ்வசதி இன்று மேசைக்கடியில் வைக்கும் பெட்டிக்கும் வாய்த்திருக்கிறது.

யூனிக்ஸ் வம்சத்தில் வந்த பிரீ-பி.எஸ்.டி.யில் இதற்கு இரு வழிகள் உள. 2000-இல் வந்த ‘ஜெயில்’ என்பது சென்னை ஒண்டுக்குடித்தனம் போன்றது. அறைகள் வேறு, அடுப்பங்கரை ஒன்றே. அதாவது கர்னல் எனப்படும் கரு எல்லார்க்கும் பொது. செலவு சொற்பம். 2014-இல் பிரீ-பி.எஸ்.டி. 10-ஆம் பதிப்போடு வந்த ‘பீஹைவ்’ அடுப்பையும் பிரித்துக் கொடுக்கிறது. விருந்தாளி யந்திரம் லினக்ஸாகவோ விண்டோஸாகவோ கூட இருக்கலாம். சிறு சங்கத்துக்கு ஜெயிலே பெரும்பாலும் போதும் என்பது நம் கருத்து. பதிவேட்டுக்கு மட்டும் தனி அடுப்பு வைப்பது நலம்.

பீஹைவை அமைக்க எண்ணுவோர் முதலில் செயலியைப் பார்க்க வேண்டும். இன்டெல் சில்லானால் இ.பி.டி. என்ற வசதி இருத்தல் அவசியம். பழைய பெட்டிகள் சிலவற்றில் அஃது இல்லை; சிலவற்றில் இருந்தும், தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அடுத்து வி.எம்.எம். என்ற கூறினை ஏற்றி, இசட்.எஃப்.எஸ். சேமிப்பில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு வட்டுப்பகுதி ஒதுக்க வேண்டும். நினைவகத்தில் கஞ்சத்தனமும் ஆகாது, தாராளமும் ஆகாது. 32 ஜிகாபைட் உள்ள பெட்டியில் மூவர்க்கும் நான்கு நான்காகக் கொடுத்தால் இருபது மிஞ்சும். மிஞ்சியதில் பெரும்பகுதியை இசட்.எஃப்.எஸ். தன் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. அதற்கு ஓர் உச்சவரம்பு கட்டிவிடுவது விவேகம்.

வலைப்பின்னல் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகின்றனர். மூன்றையும் ஒரே பிரிட்ஜில் இணைத்துவிட்டால், சுவர் எழுப்பியும் கதவைத் திறந்து வைத்த கதைதான்; ஒன்று மற்றொன்றோடு தாராளமாகப் பேசும். பதிவேட்டை வேறொரு பிரிட்ஜில் வைத்து, இடையே தீயரணும் அமைத்தாலன்றிப் பிரித்த பயன் கிட்டாது.

நிற்க. மூன்று குடித்தனமும் ஒரே கூரையின்கீழ் என்பதை மறக்கலாகாது. பெட்டி எரிந்தால் மூன்றும் போயின. காளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரம், ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டு நின்று, 2010 மே 26 இரவு சரிந்தது. விரிசல் கண்டு அருகிலிருந்தோரை முன்னரே அப்புறப்படுத்தியிருந்தபடியால் உயிர்ச்சேதம் இல்லை. அவ்விடத்தில் எழுந்த புதிய கோபுரத்துக்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது. கோபுரத்தை மீண்டும் கட்டலாம். படியெடுத்து வையாத பழைய ஏடுகளை யார் மீண்டும் எழுதுவது?

இசட்.எஃப்.எஸ். ஒரு நொடியில் ‘ஸ்நாப்ஷாட்’ எடுத்துத் தரும். மென்பொருளைப் புதுப்பிக்குமுன் அதை எடுத்து வைத்தால், கெட்டாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் அஃது அதே வட்டில் கிடப்பது. வட்டோடு அதுவும் போகும். ஆகவே வாரந்தோறும் வேறோர் ஊரிலுள்ள உறுப்பினர் வீட்டுக் கணினிக்கு அதை அனுப்பி வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையேனும் அப்படியை வெற்றுப் பெட்டியில் ஏற்றி, பதிவேடு திறக்கிறதா, ஏடுகளில் தமிழ் எழுத்துக்கள் சிதையாமல் தெரிகின்றனவா என்று சங்கச் செயலாளர் தம் கண்ணாலேயே பார்த்துவிடட்டும்.