கோரிக்கை மனு: கட்சி நிதிக்குப் பங்குதாரர் ஒப்புதல்

அனுப்புநர்: செயலாளர், சிறு பங்குதாரர் சங்கம்.
பெறுநர்: கம்பெனிச் சட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பான செயலாளர் அவர்கள், புது தில்லி.
பார்வை: 1. எங்கள் முந்தைய மனுக்கள். 2. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவுகள் 181, 182. 3. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, நாள் 15.02.2024.

ஐயா,

பட்டியலிடப்பட்ட கம்பெனிகளில் சிறு அளவில் பங்கு வைத்திருப்போரின் சங்கம் இது.

பார்வை 1-இல் கண்ட மனுக்களுக்கு ஒப்புகை மட்டுமே வந்திருப்பதால், எழுதியதையே மீண்டும் எழுதுகிறோம். கம்பெனி ஒன்று அறப்பணிக்குக் கொடுக்கும் நன்கொடை, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டினால் பொதுக்குழுவின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 181ஆம் பிரிவு. அதற்கு அடுத்தே உள்ள 182ஆம் பிரிவின்படி, அரசியல் கட்சிக்கு அதே சராசரியில் 7.5 விழுக்காடு வரை கொடுக்க இயக்குநர் குழுவின் தீர்மானம் போதும். அநாதை இல்லத்துக்கு 6 விழுக்காடு கொடுக்க எங்களைக் கேட்க வேண்டும்; ஆளுங்கட்சிக்கு 7 விழுக்காடு கொடுக்கக் கேட்க வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்றுதான் தொடர்ந்து கேட்டு வருகிறோம்.

கம்பெனிப் பணம் அரசியலில் புகும் ஆபத்து புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. 1957-இலேயே டாடா இரும்பு எஃகுக் கம்பெனி வழக்கில், கட்சி நிதிக்கு அனுமதி அளித்த பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்லா, பணபலம் ஜனநாயகத்தின் குரல்வளையை நெரிக்கும் என்று எச்சரித்தார். 1969-இல் கம்பெனி நன்கொடை தடை செய்யப்பட்டு, 1985-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2017-இல் உச்சவரம்பே நீக்கப்பட்டது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் அள்ளிக் கொடுக்கலாம் என்றானது. 2019 ஏப்ரல் முதல் 2024 பிப்ரவரி வரை தேர்தல் பத்திரங்கள் வழியே சென்றது 12,000 கோடி ரூபாய்க்கு மேல். பார்வை 3-இல் கண்ட தீர்ப்பு அந்த வரம்பை மீட்டது. கம்பெனி நன்கொடை பிரதிபலன் கருதிச் செய்யும் வணிகப் பரிவர்த்தனை என்றும் சொன்னது. வணிகம் என்றால் முதல் போட்டவர்களைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? தான் எதிர்த்து வாக்களிக்கும் கொள்கைக்குத் தன் லாபமே போகிறது என்பது, பணம் செலவான பிறகுதான் பங்குதாரருக்குத் தெரிகிறது.

பங்குதாரரிடம் கேட்டால் கொடுப்பவர் பெயர் வெளியாகும், மாற்றுக் கட்சி பழிவாங்கும் என்பார்கள். வாங்கிய கட்சிக்குக் கொடுத்தவர் யாரென்று எப்போதும் தெரியும். தெரியாதிருந்தது வாக்காளருக்கும் எங்களுக்கும்தான். புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் எண் ஒவ்வொரு தேர்தல் பத்திரத்திலும் இருந்தது. 2024 மார்ச்சில் அந்த எண்களைக் கொண்டுதான் பத்திரம் வாங்கியவரையும் கட்சியையும் ஊரே பொருத்திப் பார்த்தது. பெரும்பான்மைப் பங்கு நிறுவனர் குடும்பத்திடம் இருக்கும்போது வாக்கெடுப்பு வெறும் சடங்கு என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆகவே, 188ஆம் பிரிவு தொடர்புடையோர் பரிவர்த்தனைகளில் அக்கறையுள்ளவரை வாக்களிக்க விடாததுபோல, இங்கும் நிறுவனர் பங்குகளை ஒதுக்கிவிட்டு வாக்கெடுக்க வேண்டும். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுச் சட்டம் முதலே பங்குதாரர் தீர்மானம் கட்டாயம். அங்கே தொழில் எதுவும் முடங்கிவிடவில்லை.

மேலும், நிதி வழங்கிய 30 நாளுக்குள் கட்சியின் பெயரும் தொகையும் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் எனவும், தேர்தல் அறக்கட்டளை வழியே தந்தால் எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குச் சேர்ந்தது எனக் காட்டப்பட வேண்டும் எனவும், ஆண்டறிக்கையில் இதற்குத் தனி அட்டவணை இடம்பெற வேண்டும் எனவும் கோருகிறோம்.

முன் அனுமதிக்காக 182-இல் புது வாசகம் தேட வேண்டியதில்லை. 181-இல் உள்ள முன் அனுமதி வாசகத்தையே, 5 விழுக்காடு என்ற விலக்கு இல்லாமல், சேர்த்தால் போதும். முடியாது என்றால் அதன் காரணத்தையாவது எழுத்துமூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்