எண்ணினால் என்ன?

எங்கள் வேலையில் ஒரு வரி நிரலை மாற்றினாலும் இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். நாடாளுமன்றத்திலும் அதுதானே ஏற்பாடு? அறிமுகம், விவாதம், திருத்தம், வாக்கெடுப்பு. பிறகு அடுத்த அவை. கடைசியில் குடியரசுத் தலைவர் கையெழுத்து.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. வாக்குகளை எண்ணச் சொல்லி எதிர்க்கட்சிகள் கேட்டன, எண்ணவில்லை. அமளி, கேட்டவர்கள் இருக்கையில் இல்லை என்றார்கள். சரி, பெரும்பான்மை கையில் இருந்தால் அமளி அடங்கியதும் எண்ணிக் காட்ட என்ன தயக்கம்?

2021 நவம்பர் 29 அன்று மூன்று வேளாண் சட்டங்களையும் ரத்து செய்யும் மசோதா ஒரே நாளில் இரு அவைகளையும் தாண்டியது. மக்களவையில் விவாதமே இல்லை. 'நல்லதுதானே நடந்திருக்கு, பேச என்ன இருக்கு?' என்றான் நண்பன். இருக்கு. பேசாமல் கொடுத்ததை நாளைக்குப் பேசாமலே பிடுங்கவும் முடியும்.