எரிந்த சுவருக்குக் கணக்கு உண்டு, கைவிட்ட மனைக்கு?

1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் புகுந்த போலீஸ் ஆட்களை மட்டும் அடிக்கவில்லை. டிவி, மின்விசிறி, தையல் மிஷின் எல்லாம் உடைந்தன. பாஸ்போர்ட்டும் கல்விச் சான்றிதழும் கிழிந்தன. வளைகுடாப் பணம் அந்த வீடுகளில் கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் குறி. 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியின் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளிலும் அப்படித்தான். பெங்களூரில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் எழுந்த வீடுகள் உட்பட 200-க்கும் மேற்பட்டவை சூறையாடப்பட்டன, எரிந்தன.

இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கையில் பத்து லட்சம் இருந்தால் எங்கே போடும்? ஊரில் கட்டுவதா, டவுனில் மனை வாங்குவதா என்று எங்களிடம் கேட்கும் தோழர்கள் பலர். ரியல் எஸ்டேட்காரர்கள் இதை ‘ரிஸ்க்’ என்று ஒரே சொல்லில் முடிப்பார்கள். அந்த ரிஸ்க் எல்லாத் தெருவுக்கும் ஒன்றா?

காலனி வீட்டைப் பிற சாதியார் வாங்க வரமாட்டார்கள். கலவரத்துக்குப் பின் நம்மவர்களும் வெளியேறினால் அதற்கு விலையே இல்லை. அரசு கொடுத்த மனையென்றால் ஒப்படைப்பு பட்டாவின் நிபந்தனைகள் வேறு. ஆனால் வயல் அப்படியல்ல. அவசரத்தில் விற்கும் வயலை அடிமாட்டு விலைக்கு வாங்க ஆள் தயாராக இருக்கும், பல நேரம் எதிர்த்தரப்பிலிருந்தே. டவுனுக்குப் போனாலோ, மனைக்கு முன்பணம் கொடுக்கும்போதே “நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வி வந்துவிடுகிறது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊரைவிட்டு விரட்டுவது குற்றம். எரிந்த வீட்டை அரசு செலவில் கட்டித்தர வேண்டும் என்கின்றன 1995 விதிகள். நல்லது. ஆனால் சரிந்த மனை விலைக்கும், எரிந்த வீட்டின்மேல் ஓடிக்கொண்டிருக்கும் கடனுக்கும் அந்தப் பட்டியலில் தலைப்பே கிடையாது. அதைச் சேர்க்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

வெளியேறுகிறவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். தனிக் குடியிருப்புகள் வேண்டுமென்று 1942 நாக்பூர் மாநாட்டில் தீர்மானம் போட்ட இயக்கம் நம்முடையது. அங்கே அது கூட்டு முடிவு. இன்று ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக, பயத்தில், நஷ்டத்துக்கு விற்கிறது. முதல் ஆறு மாதம் எதையும் விற்காதீர்கள். பத்திரம், பட்டா, நகை ரசீது, வீட்டுப் போட்டோ எல்லாவற்றுக்கும் ஒரு நகலை வெளியூரில் வையுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் டவுனில் மனை வாங்கிவிட்டது. ஊரில் பாதி கட்டிய வீட்டை மட்டும் விற்கவில்லை. வருடா வருடம் போய் வீட்டுவரி கட்டி ரசீது வாங்கிவருகிறார்கள்.