பாக்கெட் ரேடியோவும் பஸ் படி முண்டியடிப்பும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சண்டை போடற மூடு. பி.காம் படிக்கிறவனுக்கு ரேடியோ எதுக்குன்னு கேக்காதீங்க, விஷயம் கடைசியில கணக்குலதான் வந்து நிக்கும்.

ஹாம் ரேடியோவுல பேசறதுக்குப் பதிலா, டைப் பண்ணினதைத் துண்டு துண்டா அனுப்பறதுதான் பாக்கெட் ரேடியோ. கம்ப்யூட்டருக்கும் ரேடியோவுக்கும் நடுவுல இருக்கற கன்ட்ரோலர் பேரு டி.என்.சி. (இப்ப டைர்வுல்ஃப் மாதிரி சாஃப்ட்வேரே அந்த வேலையைச் செஞ்சிடுது.) வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். மிஞ்சிப்போனா 150 இங்கிலீஷ் எழுத்து. அதையும் ஒரே அலைவரிசையில எல்லாரும் பங்கு போட்டுக்கணும்.

இதுல, "வேகமா போகணுமா, இதை அப்படியே போடு"ன்னு புதுசா வர்றவங்க கையில செட்டிங் சீட்டு குடுக்கற புண்ணியவான்கள் இருக்காங்க. பெர்சிஸ்ட் 255, ஃப்ராக் 1, பேக்லென் 256. என் சண்டை இவங்களோடதான்.

பெர்சிஸ்ட்னா என்ன? அலைவரிசை காலியானதும் உடனே அனுப்பறதா, கொஞ்சம் பொறுக்கறதான்னு டி.என்.சி. சீட்டு குலுக்கும். 63 வெச்சா நாலுல ஒரு வாய்ப்பு. 255 வெச்சா குலுக்கலே கிடையாது, நேரா பாய்ச்சல்தான். மூணு பேர் 255 வெச்சுக் காத்திருந்தா மூணும் மோதி, ஒண்ணும் போய்ச் சேராது. தீபாவளிக்கு முந்தின நாள் சிவகாசி பஸ் ஸ்டாண்டுல, பஸ் படியில மூணு பேர் ஒண்ணா ஏறப்போய் சிக்கி நிப்பாங்களே, அதேதான்.

ஃப்ராக், பதில் வரலைன்னா எத்தனை நொடியில திரும்ப அனுப்பணும்ங்கறது. 1 வெச்சா, எதிராளி "கிடைச்சது"ன்னு சொல்ல வரிசையில நிக்கும்போதே அதையே மறுபடி அனுப்பி நெரிசலைக் கூட்டுவீங்க. 3 நொடி பொறுத்தா என்ன குறைஞ்சு போகும்?

அடுத்து பேக்லென். இங்கதான் நம்ம காமர்ஸ். டி.எக்ஸ்.டிலே 30ன்னா, ஒவ்வொரு தடவை அனுப்பறப்பவும் முதல் 300 மில்லி செகண்ட் சும்மா போகும். நம்ம ஊர் பிரஸ்ல நூறு காலண்டர் அடிச்சாலும் பத்தாயிரம் அடிச்சாலும் பிளேட் செலவு ஒண்ணுதானே? அதனால பெரிய பாக்கெட் லாபம்தான், சிக்னல் சுத்தமா இருந்தா. ஒரு பிட் கெட்டாலும் 256 எழுத்தும் குப்பை, மொத்தமும் திரும்ப அனுப்பணும். சிக்னல் மோசம்னா 64தான் லாபம். இதை உங்க ரேடியோ, உங்க தூரத்தை வெச்சுத்தான் கணக்குப் போட முடியும். அடுத்தவன் சீட்டு உதவாது. அதே காரணத்தால "வர்ற செட்டிங்கைத் தொடவே கூடாது"ங்கறதும் சோம்பேறித்தனம்தான்.

"பொழுதுபோக்குக்கு இவ்வளவு அலட்டலா?"

2004 டிசம்பர் சுனாமியில போர்ட் பிளேர்ல போன் எல்லாம் படுத்தப்போ, அங்க இருந்த பாரதி பிரசாத்தும் கூட இருந்த ஹாம்களும்தான் வெளியுலகத்துக்குத் தகவல் அனுப்பினாங்க. நம்ம பக்கம் 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தை மறக்க முடியுமா? முப்பதுக்கு மேல உயிர் போச்சு. அப்படி ஒரு நாள்ல காயம்பட்டவங்க பேர்ப்பட்டியலை அனுப்பணும்னு வைங்க. இரைச்சல்ல வாயால சொன்னா முருகன் முருகேசன் ஆயிடுவார். பாக்கெட்ல ஆகமாட்டார். எழுத்து கெட்டா டி.என்.சி. தானே கண்டுபிடிச்சு மறுபடி வாங்கிக்கும்.

அந்த நேரத்துல ஊர்ல நாலு 255 இருந்தா, பட்டியல் போய்ச் சேராது. அவ்வளவுதான் என் கோபம்.

சண்டைக்கு வர்றவங்க தாராளமா வாங்க. 255ஐ மாத்திட்டு வாங்க!