பிள்ளைகளின் கதை பிள்ளைகளுக்கே: வகுப்பறைப் பதிவுகள் குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னை பெசன்ட் நகர்க் கடற்கரையில் உள்ள ஊரூர் குப்பம், ஒல்காட் குப்பம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறு குழு நாங்கள். பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லி, செல்போனிலும் டேப்லெட்டிலும் பதிவுசெய்வது எங்கள் வகுப்பில் வழக்கம். அவற்றை யூடியூபில் போடலாமே, நன்கொடையாளர்களுக்கு அனுப்பலாமே என்று வேண்டியவர்கள் பலர் கேட்கிறார்கள். போட மாட்டோம், அனுப்பவும் மாட்டோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பதிவே கூடாது என்பதல்ல எங்கள் கட்சி. கட்டுரை நோட்டில் “என் தந்தை ஒரு மீனவர், அவர் கடின உழைப்பாளி” என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும் பையன், ரெக்கார்டரை அழுத்தியதும் “அப்பா கரையில நின்னே சொல்லிடும், இன்னிக்குக் கச்சான் காத்து, வலை போட்டா சிக்கும்னு” என்று ஆரம்பித்து நிறுத்தாமல் பேசுகிறான். கடற்காற்று மைக்கில் அடித்தால் ஒன்றும் கேட்காது. ஆகவே ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, போனைத் துப்பட்டாவில் சுற்றி வைத்துக்கொண்டுதான் பதிவு. மே மாதத்துப் பெசன்ட் நகரில் இது சாதாரணப்பட்ட காரியமல்ல. அப்படியும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

“அப்பா சொல்லும்” என்பதை “அப்பா சொல்வார்” என்று நாங்கள் திருத்துவதில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டில் மரியாதை அப்படித்தான் பேசப்படுகிறது. பரீட்சைத் தமிழைச் சொல்லிக்கொடுக்க வேறு நேரம் இருக்கிறது. பேச்சை எழுத்தாக மாற்றித் தரும் இலவசச் செயலிகளையும் தவிர்க்கிறோம். குப்பத்துப் பேச்சைத் தேய்த்து மழுக்கிவிடுகின்றன என்பது ஒரு காரணம். பிள்ளையின் குரல் எந்த ஊர் சர்வரில் போய்த் தங்கும் என்று எங்களால் சொல்ல முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நல்லது செய்ய வருபவர்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல. பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட், ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக அடையாறில் இலவசப் பள்ளி திறந்தது 1894இல். அவர் பெயர் குப்பத்தின் பெயரிலேயே நிலைத்துவிட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்தோடு கேமராவும் வந்தது. 2015இல் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் நண்பர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து இங்கே கலை விழாவைத் தொடங்கியபோது நகரமே வந்து பார்த்தது. வந்தவர்களில் பலர் நல்ல மனதுக்காரர்கள். ஆனாலும் ஒன்று நடந்துவிட்டது: வருகிறவருக்கு எந்தக் கதை பிடிக்கும் என்று பிள்ளைகள் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இன்று பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவர்கள்கூடச் சுனாமிக்குப் பிறகு பிறந்தவர்கள். வருகிறவர்கள் அவர்களிடம் போய் “சுனாமி அன்று என்ன ஆச்சு?” என்று கேட்கிறார்கள். பிள்ளைகளும் பாட்டி சொன்னதைத் தாங்களே பார்த்தது போலச் சொல்லி, கேட்பவரின் கண் கலங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இந்தப் பழக்கத்தை வளர்க்க நாங்கள் உடந்தையாக இருக்க மாட்டோம். துயரம்தான் விலைபோகும் சரக்கு என்று பத்து வயதில் ஒரு குழந்தைக்குத் தெரியவேண்டியதில்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரையும் குழந்தை என்கிறது, பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எங்களுக்கு அந்தக் கையெழுத்து மட்டும் போதாது. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவசரமாக ஒரு அம்மா போடும் கையெழுத்து, மகளின் சம்மதம் ஆகிவிடாது. பதிவுக்கு முன்பும் பிறர் கேட்பதற்கு முன்பும் அந்தப் பிள்ளையிடமே கேட்கிறோம். “வேணாம்” என்றால் அழித்துவிடுகிறோம், காரணம் கேட்பதில்லை. முகத்துக்குப் பதில் பிள்ளை வரைந்த படத்தைப் படமெடுத்து, அதன்மேல் குரலைச் சேர்க்கிறோம். தெருப் பெயர், பள்ளிப் பெயர் எதுவும் வராது. பதிவுகள் குழுவின் கருவியில் மட்டும் இருக்கும். கல்வியாண்டு முடியும்போது பிள்ளையிடம் ஒரு பிரதி கொடுத்துவிட்டு எங்களிடம் உள்ளதை அழிப்போம்.

ஒன்றை மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது, அதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறோம். ‘யாரிடமும் சொல்ல மாட்டோம்’ என்று நாங்கள் சொல்வதில்லை. ஒரு கதையில் பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால், 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆகவேண்டும். அந்தப் பதிவை வகுப்பில் போட்டுக் காட்டுவதும் தவறு, பயந்துபோய் அழிப்பதும் தவறு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். கதை சொல்லவைக்கும் எந்தப் பள்ளியும் இந்த ஏற்பாட்டைச் செய்யாமல் ரெக்கார்டரைத் தொடவே கூடாது.

அப்படியென்றால் இந்தக் கதைகளை யார்தான் கேட்பது? முதலில் ஊர். ஊரூர் குப்பத்து மூத்த மீனவர் எஸ். பாளையம் காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்துச் சொன்னவை பதிவாகி, கடல் அறிவு என்று வெளியிலும் மதிக்கப்படுகின்றன. அந்த அறிவு ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. பேரப்பிள்ளை தாத்தாவிடம் கேட்டுப் பதிவுசெய்த காற்றின் கதையை, இருவரும் சம்மதித்தால், ஊர் நடுவில் ஸ்பீக்கரில் போடுகிறோம். அப்போது பெருசுகள் குறுக்கே புகுந்து “அது வாடை இல்லடா, கொண்டல்” என்று திருத்துவார்கள். மொழியை நாங்கள் திருத்துவதில்லை என்றோம், தகவலை அவர்கள் தாராளமாகத் திருத்தட்டும்.

நன்கொடை தரும் அன்பர்களுக்கு: வரவு செலவுக் கணக்கை எப்போது கேட்டாலும் காட்டுகிறோம். ஒரு நாள் மாலை வகுப்புக்கு வாருங்கள், கேமரா இல்லாமல். பிள்ளைகளின் வீடியோவை மட்டும் எங்களிடம் கேட்காதீர்கள்.