வைஃபை வராத சுதந்திரம் யாருக்கு வேணும்?

மக்களே, கொஞ்சம் காரமான பதிவு. லினக்ஸ் பக்தர்கள் கல்லெடுக்கறதுக்கு முன்னாடி முழுசா படிச்சிருங்க. நானும் பக்தன்தான்.

2018ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். ஆடித்தபசுக்கு சங்கரன்கோவில் வந்திருந்தேன். சித்தி பையன் செகண்ட் ஹேண்ட்ல லேப்டாப் வாங்கியிருந்தான். "திருட்டு விண்டோஸ் எதுக்குலே, இதப் போடு"ன்னு பெரிய மனுஷன் மாதிரி லினக்ஸ் ஏத்திக் குடுத்தேன். எல்லாம் ஜோர். வைஃபை மட்டும் இல்ல. ஃபர்ம்வேர் கோப்பு இல்லைங்குது. அந்தக் கோப்பு எங்க இருக்கு? இன்டர்நெட்ல. இன்டர்நெட்டுக்கு என்ன வேணும்? வைஃபை! வீட்டுல செல்போன் ஹாட்ஸ்பாட் தவிர வேற கனெக்‌ஷன் கிடையாது.

"அண்ணே, நெட்டு இல்லாம இத வச்சி நான் என்ன செய்ய?"ன்னான். பதில் இல்ல. நான் காலேஜுக்கு பஸ் ஏறுன மறுநாளே கடையில 300 ரூவா குடுத்து திருட்டு விண்டோஸ் போட்டுட்டான். அதுக்கப்புறம் லினக்ஸ் பக்கமே திரும்பல.

இதுல முதல் குற்றவாளி, விவரம் வெளியிடாத சிப் கம்பெனிகள். சந்தேகமே இல்ல. ஆனா ரெண்டாவது குற்றவாளி நாமதான். டெபியன் 2022 வரைக்கும் தன்னோட அதிகாரப்பூர்வ இன்ஸ்டாலர்ல மூடிய ஃபர்ம்வேரைச் சேர்க்கல. சேர்த்த வடிவம் தனியா, "அதிகாரப்பூர்வமற்றது"ன்னு முத்திரையோட இருந்துச்சு. புதுசா வர்றவனுக்கு அது எப்படித் தெரியும்? 2022ல ஓட்டெடுப்பு நடத்தி மாத்துனாங்க. 2023 ஜூன்ல டெபியன் 12ல சேர்ந்தே வந்துச்சு. அதுக்கும் "கொள்கை போச்சே"ன்னு புலம்பல்!

என்ன கொள்கை? ஃபர்ம்வேர்ங்கறது வைஃபை சிப்புக்குள்ளயே ஓடற நிரல். அதே மூடிய நிரலை கார்டுலயே பதிச்சு வித்தா யாரும் வாய் திறக்கறதில்ல. செலவு மிச்சம்னு கார்டுல பதிக்காம, ஒவ்வொரு தடவையும் டிரைவர் ஏத்தற மாதிரி பண்ணா மட்டும் தீட்டு. இருக்கற இடம்தானய்யா மாறியிருக்கு!

எங்க ஊர்க் கதை தெரியும்ல? சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்கள், சிவன் பெருசா விஷ்ணு பெருசான்னு மல்லுக்கட்டுனாங்க. கோமதி அம்மன் தவமிருக்க, ரெண்டு பேரும் ஒரே உடம்புல சங்கரநாராயணரா காட்சி குடுத்தாங்க. திறந்த கெர்னலும் மூடிய ஃபர்ம்வேரும் ஒரே இன்ஸ்டாலர்ல இருந்தா குடிமுழுகிடாது.

சுதந்திரத்துக்கு நிஜமா உழைச்சவர்னா லாரி ஃபிங்கரைச் சொல்லலாம். பிராட்காம், ரியல்டெக் கார்டுகளோட டிரைவர்களுக்காக வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, 2024 ஜூன்ல காலமானார். ஒழுங்கா வேலை செய்யற டிரைவர்தான் அவரோட பிரசாரம்.

அதனால, அடுத்த தடவை யாருக்காவது லினக்ஸ் போட்டுக் குடுத்தா, முதல்ல லைவ் பென்டிரைவ்ல வைஃபை வருதான்னு பாருங்க. வரலையா, செல்போனை யூஎஸ்பி கேபிள்ல மாட்டி டெதரிங் ஆன் பண்ணி ஃபர்ம்வேரை இறக்குங்க. அப்புறம் பேசலாம் சுதந்திரம்.

டிஸ்கி: அந்த டெதரிங் சமாச்சாரம் 2018ல எனக்கே தெரியாது. தம்பி, மன்னிச்சிருடே.